பரிவு எண் தொண்ணூற்றாறு

கோகிலவாணிக்கு அழுகை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வரும். அதுவும் மதியம் பன்னிரண்டு மணி வாக்கில், அவரைக்காய்க்கு நார் உரிக்கும்போது. வாரம் முழுக்கப் பார்த்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து அடுப்படியில் நிற்கும். அரை மணி நேரம் விக்கி விக்கி அழுவாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு பொரியலுக்குத் தாளிப்பாள்.

இதில் ஒரே சங்கடம், ஞாயிற்றுக்கிழமை அழுகையை மன்றம் ஏற்றுக்கொள்ளாது.

மன்றம் என்றால் சமூகப் பணியாளர் பதிவு மன்றம். ஒரு காலத்தில் கழுத்தில் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டால் போதும், யார் வேண்டுமானாலும் சமூகப் பணியாளர்தான். எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், எந்தப் பிள்ளையையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகலாம். அப்படிக் கூட்டிப்போன பிள்ளைகளில் சிலது திரும்பவே இல்லை என்பது வெளியே வந்ததும் ஊர் கொதித்தது. டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருக்கிற மாதிரி எங்களுக்கும் பதிவு வேண்டும், தப்பு செய்தால் பதிவைப் பிடுங்க வேண்டும் என்று தெருவில் இறங்கிக் கோஷம் போட்டவர்களில் கோகிலவாணியும் ஒருத்தி. அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது, தொண்டையில் பலம் இருந்தது. கேட்டது கிடைத்தது. கேட்காததும் சேர்ந்து கிடைத்தது.

பட்டத்தை விலைக்கு வாங்கலாம், அனுபவத்தைப் பொய்யாக எழுதலாம், ஆனால் இந்த வேலைக்கு வேண்டிய பரிவை எப்படிச் சரிபார்ப்பது என்று யாரோ ஒரு புத்திசாலி கேட்டுவிட்டான். இன்னொரு புத்திசாலி அதற்கு ஒரு கருவியும் செய்து கொடுத்துவிட்டான். பரிவுமானி. பார்க்கக் கைக்கடிகாரம் போலத்தான் இருக்கும். விசாரணைக்குப் போகிற வீட்டு வாசலை மிதித்ததும் தானாக உயிர் பெறும், வெளியே வந்ததும் அணைந்துவிடும். நாடி, வியர்வை, தொண்டை இறுகுவது, கண் கலங்குவது எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து நூற்றுக்கு ஒரு எண் கொடுக்கும். நடிப்பைக் கண்டுபிடித்துவிடும். வெங்காயத்துக்கும் மசியாது.

மாதச் சராசரி அறுபது இருக்க வேண்டும். குறைந்தால், ஆபத்தில் இருக்கிற பிள்ளையை உடனே தூக்கிவரும் அதிகாரம் போய்விடும். மூன்று மாதம் தொடர்ந்து குறைந்தால் பதிவே போய்விடும்.

கோகிலவாணிக்குப் போன மாதத்துக்கு முந்தின மாதம் ஐம்பத்தொன்பது. போன மாதம் ஐம்பத்தேழு.

பிள்ளையின் முதுகில் தழும்பைப் பார்த்தால் மற்றவர்களுக்கு நெஞ்சு அடைக்கும். அவளுக்கு மூளை ஓட ஆரம்பித்துவிடும். எந்த ஆஸ்பத்திரியில் இந்நேரம் குழந்தை டாக்டர் இருப்பார், எந்தக் காப்பகத்தில் படுக்கை காலி, பள்ளிக்கூடப் பையில் என்ன என்ன எடுத்து வைக்க வேண்டும், பக்கத்து வீட்டில் யார் சாட்சி சொல்வார்கள். பத்தொன்பது வருஷத்தில் கை தன் பாட்டுக்கு வேலை செய்யப் பழகிவிட்டது. கூட வேலை பார்ப்பவர்களில் சிலர் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, செத்துப்போன தங்கள் நாயை நினைத்துக்கொண்டு உள்ளே போவார்கள். கோகிலவாணியும் செத்துப்போன அம்மாவை நினைத்துப் பார்த்தாள். அம்மா வந்து, வாசலில் என்னடி வேடிக்கை, உள்ளே போய்ப் பிள்ளையைப் பார் என்று திட்டினாள். நாற்பத்தெட்டுதான் வந்தது.

மூன்றாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பெரியவலசுப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையல்காரர் சரோஜா போன் செய்தார்.

"மேடம், ரெண்டாங் கிளாஸ்ல கவின்யான்னு ஒரு புள்ளைங்க. நாலு நாளா இடது கையில சாப்புடுது. வலது கையில துணியச் சுத்தி வெச்சிருக்குது. என்ன சாமின்னு கேட்டா, அப்பாவோட பசைத் துப்பாக்கி பட்டுருச்சுங்குது."

"பட்டிருக்கலாமே."

"பட்டா ஒரு எடத்துலதானுங்களே படும்? நான் அவுத்துப் பாத்தேன். அஞ்சு எடத்துல வரிசையா இருக்குது. கோலத்துக்குப் புள்ளி வெச்ச மாதிரி."

கோகிலவாணி அன்றைக்கே பள்ளிக்கூடம் போய்ப் பார்த்தாள். சரோஜா சொன்னது சரிதான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஆறி ஒட்டிய பழைய எலும்பு முறிவு இரண்டு இருப்பதாகப் படத்தில் தெரிந்தது. பிள்ளை அழவில்லை, ஊசி போட்டபோதுகூட. கட்டுப் போட்ட நர்ஸ் வியாழக்கிழமை கட்டை மாற்ற வேண்டும் என்றார்.

பிள்ளையின் அப்பா லோகநாதன் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவன். தெர்மாகோலில் பெண் பெயர், மாப்பிள்ளை பெயர் வெட்டி, பசைத் துப்பாக்கியில் உருகி வரும் சூடான பசையால் ஒட்டி, பூச்சரம் கட்டுவான். பெண்டாட்டி செத்து மூன்று வருஷம் ஆகிறது. ஈரோட்டில் எந்த மண்டபத்தில் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் கிளம்பும்போது, பெற்றவர்களுக்கு முன்னால் இவன் ஓரமாக நின்று அழுதுவிடுவானாம். யாரோ பெற்ற பெண்ணுக்கு அழுகிறவன் தான் பெற்ற பெண்ணைச் சுடுவானா என்று தெருவே கேட்டது.

அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிவர அவளுக்கு அதிகாரம் இல்லை. மாவட்டத்தில் அறுபதுக்கு மேல் எண் இருந்தவர்கள் மூன்றே பேர், மூன்று பேர் மேஜையிலும் வழக்குக் கட்டுகள் ஆள் உயரத்துக்கு இருந்தன. அவர்களில் ஒருவர் காலில் விழுந்தாவது இழுத்து வந்திருக்கலாம். இதை அவள் பின்னால் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் நினைத்துப் பார்த்தாள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு அவளுடைய வித்தையின் மேல் நம்பிக்கை இருந்தது.

அந்த வித்தைக்குப் பெயர் கட்டவிழ்ப்பு. மன்றத்தின் பயிற்சிப் புத்தகத்தில் அவள் பெயரோடு அச்சாகியிருக்கிறது. சந்தேகத்துக்குரிய அப்பனையோ அம்மாவையோ பிள்ளைக்கு எதிரே உட்காரவைத்து, கையில் ஒரு மானியைக் கட்டிவிட வேண்டும். பிறகு பிள்ளையின் கட்டை மெதுவாக அவிழ்த்துப் புண்ணைக் காட்ட வேண்டும். செய்தவன் பதறுவான், பயப்படுவான், நடிப்பான். பரிவு மட்டும் வராது. நாற்பதுக்குக் கீழே போனால், அதிகாரம் போனவர்கூடப் பிள்ளையை உடனே எடுத்துவிடலாம், எந்த மேல்முறையீடும் கிடையாது. இப்படிப் பதினோரு பிள்ளைகளை அவள் மீட்டிருக்கிறாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

புண் பச்சையாக இருந்தால்தான் எண் துல்லியமாக வரும். ஆகவே கட்டு மாற்றும் வியாழக்கிழமையைக் குறித்தாள். இரண்டு நாள் அந்தப் பிள்ளை அதே வீட்டில் இருக்கலாம் என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போனபோது லோகநாதன் வாசலுக்கே வந்து கும்பிட்டான். ஒல்லியான ஆள், சட்டையெல்லாம் ஜிகினா.

"வாங்க மேடம். வெயில்ல வந்திருக்கறீங்க. மோர் குடிக்கறீங்களா?"

"வேண்டாங்க. உக்காருங்க. கையைக் குடுங்க."

அவன் கையில் மானியைக் கட்டினாள். பிள்ளையை எதிரே உட்காரவைத்தாள். கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். கடைசிச் சுற்றில் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் நனைத்து எடுத்தாள். ஐந்து இருந்த இடத்தில் இப்போது ஏழு இருந்தது.

லோகநாதன் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தான். பிள்ளையின் கையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். வாய் கோணியது. சத்தமே வராமல் கொஞ்ச நேரம் உடம்பு மட்டும் குலுங்கியது.

"எஞ் சாமீ... எந் தங்கமே... வலிக்குதா கண்ணு? எப்படிப் பொறுத்துக்கிட்ட? அம்மா இருந்திருந்தா இப்படி ஆகுமா?"

பிள்ளை இடது கையால் அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டது. தினமும் பல் விளக்குகிற மாதிரி, பழக்கப்பட்ட கையாக இருந்தது.

"அழுவாதீங்கப்பா. சரியாப் போச்சுங்கப்பா."

கோகிலவாணி மானியைப் பார்த்தாள். தொண்ணூற்றாறு. பழுதாகியிருக்கும் என்று நினைத்து, அழித்து மறுபடி அளந்தாள். தொண்ணூற்றாறு. அவள் பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒரு எண்ணைக் கண்டதே இல்லை. அவள் கையில் இருந்த மானி நாற்பத்தொன்று காட்டியது.

அப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் நடிக்கவில்லை. அந்த அழுகை நிஜம். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இவன் தொட்டில் ஆட்டுகிற சுகத்துக்காகவே கிள்ளுகிறவன். முதலில் சுடுவான், பிறகு கட்டிக்கொண்டு அழுவான், அழுதபின் மனசு கழுவிவிட்ட மாதிரி ஆகிவிடும். அடுத்த அழுகை வேண்டும்போது மறுபடியும் பசைத் துப்பாக்கியைச் சூடாக்குவான்.

பிள்ளை அவளைத் திரும்பிப் பார்த்தது.

"மேடம், நீங்க அழுவலீங்களா?"

அவளுக்கு அழுகை வரவில்லை. சன்னல் வழியாகத் தூக்கிக்கொண்டு ஓடினால் எத்தனை அடியில் ரோடு என்று மூளை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

எண் தானாகவே மன்றத்துக்குப் போய்விடும். மாதம் முடிந்து திங்கட்கிழமை அழைப்பு வந்தது. மண்டலப் பதிவாளர் ஹேமச்சந்திரன் நல்ல மனிதர்தான். காபி வரவழைத்தார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார், அப்புறம்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"அம்மா, இந்த மாசச் சராசரி நாப்பத்தாறு. இது மூணாவது மாசம். சட்டத்துல எனக்கு வேற வழி இல்ல."

"என் பதிவை எடுத்துக்குங்க சார். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அந்தப் புள்ளைய மட்டும் வெளிய கொண்டாந்துடுங்க."

"எந்தப் புள்ள? தொண்ணூத்தாறா? அது முடிஞ்சுபோன வழக்காச்சே. எம்பதுக்கு மேல இருந்தா பெத்தவங்ககிட்டயே விடணும்னு விதி இருக்கு."

"எக்ஸ்ரே பாத்தீங்களா? ரெண்டு எலும்பு சார். கையில ஏழு சூடு."

"சூடு யாரு வெச்சதுன்னு எக்ஸ்ரே சொல்லுமா? புள்ள, தானாப் பட்டுச்சுங்குது. அவரு எண்ணப் பாருங்க. இவ்வளவு பரிவு இருக்கற மனுஷன் செய்வாரா?"

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை சார் இது."

"அந்தக் கதையில ஓநாய் பொய்யா அழுதுச்சும்மா. இவரு அழறது நெஜம். கருவியே சொல்லுது."

"நானும் நெஜம்னுதான் சொல்றேன். அவன் அழறதும் நெஜம், அடிக்கறதும் நெஜம். அழறதுக்காகவேதான் அடிக்கறான்."

ஹேமச்சந்திரன் மேஜையில் இருந்த படிவத்தைப் புரட்டினார். அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததை எழுத அவருடைய படிவத்தில் இடம் இல்லை.

"அழறத அளக்கறதுக்கு நம்மகிட்ட கருவி இருக்கு. அடிக்கறத அளக்கறதுக்கு இல்லையேம்மா," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இன்னொண்ணு. கட்டவிழ்ப்பு உங்க முறை. அது தப்புன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, அதுல எடுத்துட்டு வந்த பதினோரு புள்ளைங்களையும் திருப்பி அனுப்ப வேண்டி வரும். அந்த முறையே தப்புன்னு அந்தப் பெத்தவங்க எல்லாரும் மனுப் போட்டுட்டுக் காத்திருக்காங்க. எழுதறீங்களா?"

அவள் எழுதவில்லை. பதினோரு பேரை நினைத்து ஒருத்தியை விட்டுவிட்டாள். கழுத்து அட்டையையும் மானியையும் கழற்றி மேஜையில் வைத்தாள். கையில் மானி இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. பதிவு போனவர் பழைய வழக்கு வீடுகளுக்குப் போகக் கூடாது, போனால் இரண்டு வருஷம் சிறை என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வெளியே வரும்போது வரவேற்பறைச் சுவரில் புது விளம்பரம் ஒன்றைப் பார்த்தாள். மாநிலத்தில் நாலாயிரம் சமூகப் பணியாளர் இடங்கள் காலி, பரிவு எண் தொண்ணூறுக்கு மேல் உள்ளவர்களுக்குப் படிப்புத் தேவையில்லை, நேரடிப் பதிவு. யார் இருக்கப்போகிறார்கள் தொண்ணூறுக்கு மேல் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினாள்.

அதன்பின் ஜவுளிக்கடை ஒன்றில் துணி மடித்து வைக்கிற வேலைக்குப் போனாள். வாடிக்கையாளர் அவிழ்த்துப் போட்ட புடவைகளைப் பழையபடி மடிப்பது. பெரியவலசு வழியாகப் போகிற பஸ்ஸில் ஏற மாட்டாள், சுற்றிக்கொண்டு போவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைக்காய் வாங்குவதை நிறுத்திப் பார்த்தாள். கவின்யா அப்போதும் வந்து அடுப்படியில் நின்றாள். நீங்க அழுவலீங்களா என்று கேட்டாள்.

ஐந்து மாதம் பொறுத்தாள். ஆறாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெயிலுக்குப் போனாலும் சரி என்று கிளம்பிவிட்டாள். பேசப்போவதில்லை, கேட்டுக்கு வெளியே நின்று பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

தெருவில் வெயிலுக்கு ஒரு ஆளும் இல்லை. லோகநாதன் வீட்டுச் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வாசலில் நாலு ஜோடிச் சின்னச் செருப்புகள். ஒரு பெண்ணுக்கு எதற்கு நாலு ஜோடி என்று யோசித்தபோதுதான் கேட்டில் தொங்கிய பலகையைப் பார்த்தாள். தெர்மாகோலில் அழகாக வெட்டி, ஓரத்தில் ஜிகினா ஒட்டி, அவனே செய்திருக்க வேண்டும். 'லோகநாதன், பதிவு பெற்ற சமூகப் பணியாளர், குழந்தைகள் அவசரத் தங்குமிடம்.' கீழே மன்றத்தின் முத்திரை. அந்த முத்திரைக்காகத்தான் அவள் இருபத்தேழு வயதில் தொண்டை கிழியக் கத்தினாள்.

கேட்டை ஒட்டிய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். கவின்யா. கொஞ்சம் உயரமாகியிருந்தாள். அவளுக்கு எதிரே அவளைவிடச் சின்னதாக ஒரு புதுப் பெண் குழந்தை, நாலு வயது இருக்கும், முழங்கையில் புதுக் கட்டு. கவின்யா அதற்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அழுவக் கூடாது பாப்பா. நாம அழுதா அவருக்கு அழுவை வராது. அவருக்கு அழுவை வரணும். வந்துச்சுன்னா இப்படித் துடைச்சு விடணும். சரியாப் போச்சுங்கப்பான்னு சொல்லணும். அவ்வளவுதான். அப்பறம் ரெண்டு மூணு நாளைக்கு ஒண்ணும் பண்ண மாட்டாரு."

சொல்லிவிட்டு அந்தக் குழந்தையின் கன்னத்தில் இடது கையால் துடைத்துக் காட்டினாள். வலது கை மடியில் கிடந்தது, விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

கோகிலவாணிக்கு அழுகை வந்தது. வீட்டு வாசலில், வேலை நேரத்தில் வர வேண்டிய அழுகை, மானி கட்டாத கையோடு, மாதக்கணக்கில் தேங்கியதெல்லாம் சேர்ந்து வந்தது. இன்றைக்கு அளந்திருந்தால் நூறைத் தாண்டியிருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் பழைய மூளையும் ஓட ஆரம்பித்தது. பதிவு இல்லாதவள் கேட்டைத் திறந்து பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அதற்குப் பெயர் கடத்தல். பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் பிடித்து, பிள்ளைகளை இங்கேயே கொண்டுவந்து விடுவார்கள். ஆனால் யார் வேண்டுமானாலும் ஒரு போன் செய்யலாம். குழந்தை உதவி எண்ணுக்குப் பெயர் சொல்லாமல் புகார் செய்யலாம். அந்தப் பகுதியில் அன்றைக்கு முறையில் இருக்கிற, பதிவு பெற்ற பணியாளர் யாரோ அவருக்கே நேராகப் போய்விடும், அவர் ஒரு மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும். அந்த விதியை எழுத வைத்ததும் அவளும் அவள் கூட்டாளிகளும்தான்.

எண்ணை அழுத்தினாள். ஒரு முறை ஒலித்தது. இரண்டாவது முறை ஒலித்தபோது, அதே நேரத்தில், லோகநாதன் வீட்டுக்குள்ளிருந்தும் ஒரு போன் ஒலிப்பது கேட்டது.

துண்டிக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் எடுத்துவிட்டான்.

"வணக்கமுங்க. குழந்தை உதவி மையம், லோகநாதன் பேசறேன். சொல்லுங்க."

அவளிடமிருந்து விசும்பல் மட்டும் வெளியே வந்தது.

"அய்யோ, அழுவறீங்களா? அழுவாதீங்கம்மா. எந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு? எங்கிட்டச் சொல்லுங்க, நான் இருக்கேன்," என்றான். அப்புறம் அவன் குரலும் தழுதழுத்தது. உள்ளே அவன் அழ ஆரம்பிப்பது போனிலும் கேட்டது, சன்னல் வழியாகவும் கேட்டது.

தொட்டிக்குப் பின்னாலிருந்த கவின்யா அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சட்டென்று எழுந்தாள். புதுக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வா பாப்பா, அழுவறாரு. போயித் துடைச்சு விடலாம்."

இரண்டும் ஓட்டமாக உள்ளே போயின.